தாண்டவிட்ட பதினைந்து

மார்ச் 4, செவ்வாய்

ஆஸ்பத்திரிக்காரர்களின் புதிய கணினியில் இன்று எங்கள் மென்பொருள் சரியாக வேலை செய்கிறதா என்று பார்க்கும் டெஸ்ட்களை ஓட்டினேன். நாற்பத்தொன்று சிவப்பு, அதாவது தோல்வி. என் மடிக்கணினியில் எல்லாம் பச்சை! காரணம் தெரிந்ததுதான். தகவலைப் பூட்டும் என்கிரிப்ஷனில், சுலபமாக உடைக்கக்கூடிய பழைய முறைகளை அங்கே அடியோடு முடக்கி வைத்திருக்கிறார்கள். எங்கள் டெஸ்ட்களோ அதே முறைகளில்தான் மாதிரித் தகவலைப் பூட்டித் திறந்து பார்க்கின்றன. திங்களன்று எல்லா வார்டும் புதிய கணினிக்கு மாறுகிறது.

மார்ச் 5

பன்னிரண்டு சரி செய்தேன். கழுத்து வலி.

மார்ச் 6, வியாழன்

இருபத்தாறு முடிந்தது, மிச்சம் பதினைந்து. டீம் லீட் மூன்று முறை வந்து நாற்காலிக்குப் பின்னால் நின்றார். "என்னம்மா, இன்னுமா?" மனுஷன் முதுகுக்குப் பின்னால் நின்றால் கை ஓடுமா? பதினைந்துக்கும் ஒரே வரி எழுதிவிட்டேன் — பழைய முறை முடக்கப்பட்டிருந்தால் இந்த டெஸ்டைத் தாண்டிப் போ. தாண்டியது சிவப்பில் வராது. "கலக்கிட்டே!" என்றார். நானும் பல்லைக் காட்டினேன்.

மார்ச் 7, வெள்ளி

காலையில் அக்கா போன். அதே ஆஸ்பத்திரியில் நர்ஸ். "பாஸ்வேர்டை மாத்தச் சொல்லுவீங்களா? பதினோரு வருஷமா ஒண்ணே ஒண்ணுதான்டி, விரல் தானா அடிச்சிடும்." சிரித்து வைத்தேன். பஸ்ஸில் உட்கார்ந்த பிறகுதான் சுருக்கென்றது. பழைய ஊழியர்களின் பாஸ்வேர்டை இன்னும் பழைய முறையில்தானே பூட்டி வைத்திருக்கிறோம்?

ஓடிப்போய் அந்தப் பதினைந்தையும் ஒவ்வொன்றாகப் படித்தேன். பதினான்கு ஒன்றுமில்லை, வெறும் மாதிரித் தகவல். ஒன்றே ஒன்று — பழைய ஊழியர் உள்ளே நுழைய முடிகிறதா என்று பார்ப்பது. முடியாது! திங்கள் காலை அக்கா ஒரு நோயாளியின் மருந்துப் பட்டியலைத் திறக்கப் பார்ப்பாள், திறக்காது. யாருக்கு எந்த ஊசி ஒத்துக்கொள்ளாது என்று எப்படித் தெரியும்? அய்யோ, படிச்சுக்கூடப் பாக்காம மூடி வச்சேனே, நானெல்லாம் என்ன ஜென்மம்!

யாரிடமும் சொல்லாமல் சனி, ஞாயிறில் சரிக்கட்டிவிடலாமா? அரை மணி நேரம் அதையே யோசித்தேன். எழுதவே வெட்கமாக இருக்கிறது. பிறகு லீடிடம் சொன்னேன். "எல்லாம் பச்சைன்னு மேலிடத்துல சொல்லிட்டேனேம்மா... மூஞ்சிய எங்க வச்சுக்கறது?" திட்டியிருந்தால் தேவலை.

மார்ச் 10, திங்கள்

மாற்றம் இரண்டு வாரம் தள்ளிப்போனது. கூட்டத்தில் யார் செய்தது என்று கேட்டார்கள். லீட் வாயைத் திறப்பதற்குள் நான்தான் என்றேன்.

மார்ச் 17

இப்போதைக்குப் பழைய கணினியில் யார் நுழைந்தாலும், அந்த நொடியிலேயே அவர் பாஸ்வேர்டைப் புதிய முறையில் பூட்டிவிடுகிறோம். இன்னும் அறுபது பேர் நுழையவில்லை. ஒவ்வொரு வார்டாகப் போன் போட்டுக் கெஞ்சுகிறேன்.

மார்ச் 24, திங்கள்

அறுபது பேரும் நுழைந்தாயிற்று; இன்று அக்காவின் ஆறு மணி ஷிஃப்டிலேயே புதிய கணினிக்கு மாறிவிட்டார்கள். ஏழு, எட்டு, பத்து... போனைக் கையிலேயே வைத்திருந்தேன். சின்னக் கோளாறு என்றாலும் முதல் ஆளாக என்னைக் கூப்பிட்டு வாங்கு வாங்கென்று வாங்குபவள் அக்கா. மதியச் சாப்பாடு வரை கூப்பிடவே இல்லை.