என் குரலுக்கு எழுந்து நிற்கிறார்கள்

ஆகஸ்ட் 4, திங்கள்

காலையிலிருந்து ஆடிக்காற்று. மாடியில் காயப்போட்ட வேட்டி எதிர்வீட்டு வேப்பமரத்தில். எடுத்துத் தர ஆளில்லை.

பேசாமல் இருந்தது போதும். இத்தனை வருடம் எல்லாவற்றுக்கும் 'சரிங்க' சொன்னவன் நான். துறைத் தலைவர் பதவி எனக்கு வர வேண்டியது, தாளாளரின் தங்கை மகனுக்குப் போனது. சரிங்க. என் ஆய்வேட்டின் ஓர் இயலை அப்படியே எடுத்துக் கருத்தரங்கில் தன்னுடையதாக வாசித்தார் அந்தத் துறைத் தலைவர் (இனி து.த.). சரிங்க. தமிழ் படித்தவனை மூன்றாமாண்டுப் பிள்ளைகளுக்குப் பாட்காஸ்ட் சொல்லிக் கொடுக்கச் சொன்னார்கள். அதற்கும் சரிங்க. இனி இந்த நோட்டிலாவது வாயைத் திறக்க வேண்டும்.

முதலில், ஒரு மாதமாக யாரிடமும் சொல்லாமல் வைத்திருப்பது. நான் பேசினால் முன்பின் தெரியாதவர்கள் அடங்கிப் போகிறார்கள்.

இன்று பல்லடம் பஸ் ஸ்டாண்டு எதிரே பேக்கரியில். "டீல சக்கரை வேண்டாங்க" என்றேன், அவ்வளவுதான். பக்கத்து பெஞ்சில் கழுத்தில் கம்பெனி அட்டை தொங்க இரண்டு பெண்கள், அதுவரை ஒரே சிரிப்பு. சட்டென்று நின்றது. போன் பைக்குள் போனது. நான் டீ குடித்து முடிக்கும்வரை இருவரும் மடியில் கை வைத்து உட்கார்ந்திருந்தார்கள். கம்பெனி பேர் போட்ட பழைய பனியனோடு மேசை துடைத்துக்கொண்டிருந்த வடநாட்டு ஆள் என்னைப் பார்க்காமலேயே வேகமாகத் துடைக்க ஆரம்பித்தான்.

போன வாரம் தனியார் பஸ். "கொஞ்சம் உள்ள போங்க" என்றேன். பெண்கள் வரிசை முழுக்க முணுமுணுப்பே இல்லாமல் நகர்ந்தது. பல்லடம் பஸ்ஸில்!

இன்று வீட்டில் மனைவி சரோஜாவிடம் மட்டும் சொன்னேன். "ஊட்ல நீங்க கத்துனா பூனை கூடத் திரும்பறதில்ல. வெளிய கேக்கறாங்கன்னா நல்லதுதானுங்க. அந்தக் கேஸ்காரனை நாளைக்கே சிலிண்டர் கொண்டாரச் சொல்லிப் பாருங்க."

ஆகஸ்ட் 5, செவ்வாய்

காற்று நிற்கவில்லை. வெளியே எதையும் பதிவு செய்ய முடியாது, எல்லாம் உஸ் என்று வருகிறது. அதனால் ஸ்டூடியோ. ஸ்டூடியோ என்பது பழைய சாமான் அறை. எக்ஸ்போர்ட் ஆர்டரில் திரும்பி வந்த, கம்பளி மாதிரி மொத்தமான பிளீஸ் துணியை நான்கு சுவரிலும் அடுக்கடுக்காக ஆணியடித்திருக்கிறார்கள். உள்ளே பேசினால் சத்தம் வாயிலேயே விழுந்துவிடுகிறது. எனக்கு அந்த அறை பிடிக்கவில்லை.

பலகையில் எழுதியது:
ஃபேன் நிறுத்து. 
வளையல், கொலுசு கழற்று. 
பேட்டி கொடுப்பவரை 'சொல்லுங்க சொல்லுங்க' என்று விரட்டாதே. 
பேட்டி முடிந்தபின் யாரும் பேசாமல் அந்த அறையின் அமைதியைக் கொஞ்சம் பதிவு செய். வெட்டி ஒட்டிய இடங்களுக்கு அடியில் போட.

வெட்டிப் பழக என் போன பருவ வகுப்புப் பதிவுகளைப் பயன்படுத்துகிறார்கள். மற்ற ஆசிரியர்கள் தர மறுத்துவிட்டார்கள். பருவம் முழுக்க என் குரல். இருமலை வெட்டுகிறார்கள், 'அதாவது' வெட்டுகிறார்கள். கௌதம் கெட்டிக்காரன், ஒட்டு தெரியாமல் ஒட்டுவான். பாதி நாள் தாளாளரின் பனியன் கம்பெனியில், அவிநாசிபாளையம் பக்கம், பயிற்சி என்று போய்விடுகிறான்.

முத்துமாரி என்றொரு பெண். விருதுநகர்ப் பக்கத்துக் குடும்பம், அம்மா அதே கம்பெனியில் செக்கிங், தைத்த துணியில் நூல் பிசிறு தேடிக் கிள்ளும் வேலை. வருகைப்பதிவில் பேர் சொன்னால் எழுந்து நிற்பாள், நின்றுகொண்டே இருப்பாள். இன்று "உக்காரும்மா" என்றேன். முகம் வெளுத்துவிட்டது. வகுப்பு முடிந்ததும் வந்தாள்.

"சார், நீங்க கம்பெனிக்கு வந்திருக்கீகளா?"

"எந்தக் கம்பெனிக்கு?"

"ஒண்ணுமில்ல சார்." போய்விட்டாள்.

ஆகஸ்ட் 7, வியாழன்

வரிசையாக எழுதுகிறேன்.

முத்துமாரி குழுவின் பாட்காஸ்ட், தலைப்பு: அம்மாவின் ஒரு நாள். கம்பெனிக்குள் போன் கூடாது. அம்மா சோற்றுப் பையில் ஒளித்து எடுத்துப்போய்ப் பதிவு செய்திருக்கிறார். வகுப்பில் போட்டுக் காட்டினாள். தையல் மெஷின்கள், யாரோ தைக்க அடுத்த பீஸ் கேட்பது, ஒரு மணி ஓசை. பிறகு நான்.

"கண்ணுகளா, பேச்சைக் கொறைங்க. கைய நிறுத்தாதீங்க. பீஸ் முடிஞ்சாத்தான் பஸ் எடுப்பாங்க."

வகுப்பே சிரித்தது. "டேய், சார் பார்ட் டைம் போறாருடா!" "சார், ஓ.டி. காசு உண்டுங்களா?"

அடுத்து அதே குரல் இந்தியில் பேசியது. சிரிப்பு நின்றது. எனக்கு இந்தி தெரியாது என்பது எல்லோருக்கும் தெரியும். இந்தி எதிர்ப்புப் பற்றி வருடா வருடம் ஒரு வகுப்பே எடுப்பவன். தடுமாற்றமே இல்லாமல் பேசுகிறேன். என்னுடைய கனைப்பு கூட இருக்கிறது, இந்தி வாக்கியத்துக்கு நடுவே.

திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்டேன். மூச்சு விடும் இடம் ஒன்றுகூட இல்லை.

கௌதம் ஹெட்போனைக் கழற்றி வைத்துவிட்டுத் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். மாலை பைக் ஸ்டாண்டில் பிடித்தேன்.

"சும்மா டெஸ்ட்டுக்குத்தானுங்க சார் பண்ணேன். உங்க கிளாஸ் ஆடியோ அத்தனையும் ஒரு சாஃப்ட்வேர்ல போட்டேனுங்க. டைப் பண்ணா நீங்க பேசற மாதிரியே வந்துச்சு. ஹெச்.ஓ.டி. சார் பாத்துட்டுத் தாளாளர் அய்யாகிட்டப் போட்டுக் காட்டிட்டாருங்க. சூப்பர்வைசர் கத்துனா புள்ளைக மொறைக்குது, ஸ்பீக்கர்ல வாத்தியார் கொரல்ல சொன்னா அடங்குதுன்னு அய்யாவுக்கு ஒரே சந்தோசமுங்க."

"என்னைய ஒரு வார்த்தை கேக்கோணும்னு தோணலியா?"

"கேட்டா சரின்னுதானுங்க சார் சொல்லியிருப்பீங்க."

அவனை அறைந்திருக்க வேண்டும். வண்டியை எடுக்கவிட்டேன்.

எழுதக் கூசுகிறது, ஆனால் இது எனக்கு மட்டும்தானே. பஸ்ஸில் வரும்போது கொஞ்சம் பெருமையாக இருந்தது. கடைசி பெஞ்சில் தூங்குபவர்களுக்குப் பாடம் நடத்தியே தொண்டை தேய்ந்தவன். அங்கே ஒரு ஹால் முழுக்க என் சொல்லுக்குக் கை ஓடுகிறது.

ஆகஸ்ட் 8, வெள்ளி

நேற்று எழுதிய கடைசிப் பத்தியை அடித்துவிடலாம் என்று பார்த்தேன். இருக்கட்டும், இருந்து உறுத்தட்டும்.

ஆசிரியர் அறை வாசலில் முத்துமாரி. "நேத்துப் போட்டது பாதிதான் சார். மீதிய நான் வெட்டி வச்சிருக்கேன். நீங்க மட்டும் கேளுங்க."

ஹெட்போன் மாட்டினேன். மெஷின் சத்தம். ஒரு பெண், "பொகை! ஏய், பொகை வருதுடீ!" அலாரம். ஸ்டூல்கள் இழுபடுகின்றன. ஓடும் கால்கள். அப்போது நான், அவ்வளவு கனிவாக:

"பயப்படாதீங்க கண்ணுகளா. இது சும்மா டெஸ்ட்டுங்க. அவங்கவங்க எடத்துல உக்காருங்க."

கால்கள் நிற்கின்றன. ஸ்டூல்கள் மறுபடி இழுபடுகின்றன, திரும்பி. மெஷின் ஒன்று ஓடத் தொடங்குகிறது. பிறகு இன்னொன்று. இருமல். நான் இந்தியில். இருமல் அதிகமாகிறது. மறுபடி நான், அதே சொல், அதே கனிவு, ஒரு நூல் கூடக் குறையாமல். பக்கத்தில் யாரோ, "செல்வியக்கா, எந்திரிக்கா. யக்கா."

"அயர்னிங் பக்கம் கரண்டு போர்டுல தீ சார். ஆடி மொத வெள்ளி. அந்தச் செவத்துக்குப் பக்கத்துலதான் அம்மாவும் செல்வியக்காவும். அம்மா எந்திரிச்சிட்டா. ஒங்க சத்தம் கேட்டதும் திரும்ப உக்காந்துட்டா. செல்வியக்காவத் தூக்கிட்டுத்தான் போனாங்க. இன்னும் ஆஸ்பத்திரிலதான் கெடக்கு. பேச்சு வரல."

"யாரு அதைப் போட்டது?"

"யாரும் போடல சார். அலாரம் அடிச்சா அதுவாப் பேசும், அப்படித்தான் செட் பண்ணியிருக்காங்க. ஆளுக வெளிய ஓடுனா தையல் லைன் நின்னுரும்ல. அடுத்த தடவ தீப்பிடிச்சாலும் இதேதான் சொல்லும்." பிறகு மெதுவாக, "அம்மா இன்னைக்கும் அங்கதான் சார் உக்காந்திருக்கா."

மதியச் சாப்பாட்டைத் திறக்கவே இல்லை. அப்படியே வீட்டுக்கு. சரோஜா கேட்டதற்குத் தலையை மட்டும் ஆட்டினேன். வாயைத் திறக்கப் பயமாக இருந்தது.

ஆகஸ்ட் 11, திங்கள்

தாளாளர் அறை. ஏ.சி. குளிர். து.த. பக்கத்தில்.

"வாங்க வாத்தியாரே, உக்காருங்க." உட்காரவில்லை. அந்தக் குரலை எடுத்துவிடச் சொன்னேன். இத்தனை வருடத்தில் அந்த அறையில் நான் வைத்த முதல் கோரிக்கை.

"அது உங்க கொரல்னு எதைய வெச்சுங்க சொல்றீங்க? உங்க கொரலு உங்க தொண்டைல பத்தரமா இருக்குதுங்களே. அது கம்ப்யூட்டரோடதுங்க."

"பொகை வந்தப்ப உக்காரச் சொல்லியிருக்குதுங்க."

"எப்பங்க? எந்தப் பொகை?" து.த. பக்கம் திரும்பி, "ஏப்பா, நம்ம கம்பெனில பொகை வந்துச்சா?"

"இல்லீங் மாமா." பிறகு என்னிடம், "நாயமாப் பாத்தா நீங்க பெருமைப்படோணுங்க சார். அத்தனை பேரு உங்க பேச்சைக் கேக்கறாங்க."

நான் வெள்ளிக்கிழமை அடிக்காமல் விட்ட பத்தியை அவன் வாயிலிருந்து கேட்டேன்.

சாயங்காலம் வாட்ஸப்பில் து.த.வின் ஆணை: பாட்காஸ்ட் பதிவுகள் அனைத்தையும் வியாழனுக்குள் அழிக்கவும். எல்லாக் குழுவுக்கும் புதுத் தலைப்பு, 'நம் கல்லூரியின் பெருமை'. ஆணையில் ஒற்று விட்டுப்போனால்கூடப் பரவாயில்லை, அந்த ஆளுக்குப் பெருமை என்றால் என்னவென்றே தெரியாது.

ஆகஸ்ட் 12, செவ்வாய்

முத்துமாரி வீடு. லைன் வீடு, ஒரே அறை, வாசலில் வரிசையாகக் காலிக் குடங்கள். அவள் அம்மா காளீஸ்வரி பகல் ஷிஃப்ட் முடிந்து வந்திருந்தார். அது நானில்லை என்று நேரில் சொல்லத்தான் போனேன்.

"வணக்கம்மா. உக்காருங்க."

உட்கார்ந்துவிட்டார். வாசற்படியிலேயே, கழுவிய ஈரத்தில்.

"அம்மா, இது சாரும்மா. நெசமான சார்."

"தெரியுதுடி."

நான் சொல்லச் சொல்லத் தலையாட்டிக்கொண்டே இருந்தார். அப்போதுதான் அவர் விரல்களைப் பார்த்தேன். சேலை முந்தியைப் புரட்டிப் புரட்டி நூல் பிசிறு தேடின. கிடைத்ததைக் கிள்ளின. மறுபடி புரட்டின. முகத்துக்கு அது தெரியவில்லை. நான் பேச்சை நிறுத்தினேன், விரல்கள் நின்றன. "அதனாலதாம்மா" என்றேன், ஆரம்பித்தன.

வெளியே ஒரே சத்தம். "தண்ணி வந்திருச்சு! காளீஸ்வரி, தண்ணி!" லைன் முழுக்கக் குடத்தோடு ஓடியது. அங்கே தண்ணீர் எப்போது வரும், எப்போது நிற்கும் என்று யாருக்கும் தெரியாது. அவர் எழவில்லை. குடத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார்.

புரிய நேரமானது.

"எந்திரிங்கம்மா," என்றேன்.

எழுந்தார். குடத்தை எடுத்துக்கொண்டு சிரித்தார், அழுவது போல. "ஒங்க மேல தப்பில்ல சார். மனசுக்குத் தெரியுது. ஒடம்பு கேக்க மாட்டேங்கு."

திரும்பி வரும் வழியெல்லாம் அந்த ஒரு சொல். நான் சொன்னேன், எழுந்தார்.

ஆகஸ்ட் 14, வியாழன்

காற்று இறங்கிவிட்டது. மைதானத்தில் நாளைய கொடியேற்றத்துக்குச் சுண்ணாம்புக் கோடு. அழித்தாயிற்றா என்று து.த. இருமுறை ஆள் அனுப்பினார். கல்லூரிக் கணினியில் இருந்ததை அழித்தாயிற்று. முத்துமாரியிடம் நகல் இருக்கிறது.

மூன்று மணிக்கு பிளீஸ் அறை. என் போனில் பேசிப் பதிவு செய்தேன். நான் யார், என் பட்டம், வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து எனக்கு நடந்தது, து.த. பதவி, ஆய்வேட்டு இயல், தாளாளரின் குணம், கடைசியில் தீ. நன்றாக வந்தது என்றே நினைத்தேன்.

முத்துமாரி முழுதும் கேட்டாள். இப்போதெல்லாம் என் முகத்தைப் பார்த்துப் பேசுகிறாள். "சார், கோவிச்சுக்காதீங்க. இதுல ஒங்க கதை ரொம்ப இருக்கு. தீ கடைசிலதான் வருது. அதுக்குள்ள ஆளு செத்துரும்."

வெட்டினாள். நான் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன், என் மனக்குறைகள் ஒவ்வொன்றாகப் போவதை. மிச்சம் இருந்தது இதுதான்:

"கண்ணுகளா, அலாரம் அடிச்சா எந்திரிங்க. உக்காருங்கன்னு நானே சொன்னாலும் உக்காராதீங்க. கதவுப் பக்கம் நடங்க. வெளிய போங்க."

கௌதம் கதவைத் தட்டினான். நான் கூப்பிடவில்லை. "இந்திலயும் வேணுமுங்களே சார். வடக்கத்தி ஆளுக நெறையப் பேரு இருக்காங்க. போடட்டுங்களா?" இந்த முறை என்னைக் கேட்டுவிட்டுச் செய்தான். தட்டச்சினான். எனக்குத் தெரியாத மொழியில் நான் பேசினேன், மூச்சு விடாமல். எழுந்திருக்கத்தான் சொல்கிறேனாம். அவன் சொல்வதை நம்ப வேண்டியதுதான்.

கம்பெனி பஸ் ஒவ்வொன்றுக்கும் பெண்கள் ஒரு வாட்ஸப் குழு வைத்திருக்கிறார்கள். காளீஸ்வரி சொல்லி அவற்றில் என்னைச் சேர்த்துவிட்டார்கள். பிள்ளைகள் கை இதில் படக் கூடாது, ஏற்றுவது நான்தான். பாட்காஸ்ட் பக்கத்திலும் ஏற்ற வேண்டும். அங்கே ஒரு கட்டம்: வழங்குபவர் பெயர்.

"என்ன பேரு சார் போடப் போறீங்க? டாக்டர் போட்டு முழுசாவா?"

பஸ் வந்தது, ஏறிவிட்டேன். இப்போது வீடு. சரோஜா சப்பாத்தி போடுகிறாள், அடுத்த சிலிண்டர் இன்னும் வரவில்லை என்று திட்டிக்கொண்டே. போன் கையில்.

என் பெயர் எதிலாவது அச்சாக வேண்டும் என்றே இத்தனை வருடம் கிடந்தவன். பெயர் போட்டால், பதவி கிடைக்காத ஒரு தமிழ் வாத்தியாரின் புலம்பல் என்பார்கள். அது பொய்யும் இல்லை. யாரும் ஸ்டூலை விட்டு எழ மாட்டார்கள். பெயர் இல்லாவிட்டால் இது அவர்கள் தினமும் கேட்கும் குரல். அந்தக் குரல் சொன்னால் எழுவார்கள். பயந்தாவது எழுவார்கள். தாளாளரால் என்னைப் பிடிக்க முடியாது, அந்தக் குரல் என்னுடையதல்ல, கணினியுடையது என்று அவரே சொல்லிவிட்டார்.

பெயர் வேண்டாம். கட்டத்தைக் காலியாக விட்டு ஏற்றுகிறேன்.