வாஷ்பேசின் துளையில் மாட்டிய விரல்

அன்பு மலரக்கா,

உன் மகளின் விரல் நன்றாக இருக்கிறது. அதை முதலில் சொன்னால்தான் மற்றதைச் சொல்லத் தைரியம் வருகிறது.

ஒரே கம்பெனியில் வேலை பார்த்த நாம் இருவரும் சேர்ந்து வாடகைக்கு எடுத்த அதே ஓசூர் வீட்டில்தான் இருக்கிறோம். நீ கண்ணை மூடியதிலிருந்து யாழினி என்னோடுதான். நான் வேலைக்குப் போனால் எதிர்வீட்டு கௌரம்மா பார்த்துக்கொள்கிறார். ஆனால் விருதுநகரிலிருந்து உன் அண்ணன் வாரம் தவறாமல் போன் செய்கிறார். "ஷிஃப்டுக்குப் போற பொண்ணு நீ. தனியா எப்படிம்மா வளப்ப? புள்ளைய நாங்க கூட்டிட்டுப் போயிடுறோம்."

நேற்று குளியலறை வாஷ்பேசினில் தண்ணீர் இறங்கவில்லை. ஒருமுறை அமுக்கினால் மூடி, மறுமுறை அமுக்கினால் திறக்குமே அந்த மூடி, அது எழும்பாமல் சிக்கிக்கொண்டது. திருகிக் கழற்றி, வாளித் தண்ணீரில் அழுக்கை அலசிக்கொண்டிருந்தேன். முதுகுக்குப் பின்னால் யாழினி வீறிட்டாள். ஸ்டூலில் ஏறி, மூடி இருந்த இடத்து நடுத்துளைக்குள் ஆள்காட்டி விரலை அடிவரை விட்டிருந்தாள்.

இழுத்தேன். அலறினாள். சோப்பு போட்டேன், எண்ணெய் ஊற்றினேன். விரல் வீங்கியதுதான் மிச்சம். சத்தம் கேட்டு கௌரம்மா ஓடிவந்தார். "ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போலாம்மா!" எப்படித் தூக்குவது, வாஷ்பேசினோடா? தெருமுனையில் கம்பெனி பஸ் ஹாரன் அடித்துப் பார்த்துவிட்டுக் கிளம்பிவிட்டது.

"புள்ளைய அசையாம புடிச்சுக்கோங்க. நான் கீழ கழட்டுறேன்."

"அளபேடா கந்தா, ஆய்த்து, ஆய்த்து" என்று அவர் கன்னடத்தில், அழாதே கண்ணே, முடிந்துவிட்டது எனத் தேற்றிக்கொண்டே இருந்தார். நான் ஈரத்தரையில் மல்லாந்து படுத்தேன். பிளாஸ்டிக் குழாய் கையிலேயே கழன்றது. அதற்கு மேல், துளைத் துண்டை பேசினோடு இறுக்கியிருந்த பெரிய நட்டு அசையவில்லை. தினமும் கம்பெனி லைனில் நட்டு முறுக்குகிறவள் நான். எந்தப் பக்கம் திருப்பினால் கழலும் என்பதே மறந்துவிட்டது, அக்கா. இறுக்கிவிட்டேன்.

"சித்தி, வலிக்குது!"

துளை வழியே விரல்நுனி தெரிந்தது. நீலமாகியிருந்தது. ஸ்பேனரை மறுபக்கம் திருப்பினேன். மூச்சைப் பிடித்து இன்னொரு முறை. கழன்றது.

விரலோடு சேர்த்து அந்தத் துளைத் துண்டை மேலே எடுத்து, அடிப்பக்கம் எண்ணெய் விட்டு, மெல்ல மெல்லத் தள்ளினேன். வழுக்கிக்கொண்டு வந்துவிட்டது. டாக்டரிடம் காட்டினேன்; விரலை மடக்கி நீட்டிப் பார்த்தார். எலும்புக்கு ஒன்றுமில்லை. சாயங்காலமே நடுத்துளை இல்லாத புது மூடி வாங்கி நானே மாட்டினேன்.

அப்போதுதான் உன் அண்ணனின் போன். மறைத்துவிடலாமா என்று ஒரு கணம் தோன்றியது. ஆனாலும் எல்லாவற்றையும் சொன்னேன். "புள்ளகிட்ட குடு" என்றார் அவர்.

"எனக்கு ஒண்ணும் இல்ல மாமா. சித்திதான் தரையில படுத்து அழுதாங்க. அப்புறம் நான்தான் கண்ணத் தொடச்சு விட்டேன்."

போன் என் கைக்குத் திரும்பியது. "சரிம்மா. கொஞ்ச நாள் உன்கிட்டயே இருக்கட்டும்."

கொஞ்ச நாள் என்றால் எத்தனை நாள், அக்கா?

அவர் நேரில் வந்து கேட்டாலும் நடந்ததை நடந்தபடியேதான் சொல்வேன். ஆனால் அவள் கையை நானாக விடமாட்டேன். இது உனக்கு நான் கொடுக்கும் வாக்கு.

உன் மகளுக்குச் சித்தியாகிவிட்ட
சுகந்தி