பல் போய்க் கை வந்த கதை

அன்பு மகன் ஸ்விலேனுக்கு,

அம்மா எழுதுகிறேன். வார்னாவில் நானும் அப்பாவும் சௌக்கியம். நீயும் மிலேனாவும் என் பேரன் காலினும் அந்த வின்னிபெக் குளிரில் காதை மூடிக்கொண்டு நன்றாகத்தான் இருப்பீர்கள் என்ற தைரியத்தில் தொடங்குகிறேன். போனில் பேசலாமே, எதற்குக் கடிதம் என்பாய். மார்ச் ஒன்றாம் தேதி கையில் கட்டிக்கொள்ள வேண்டிய சிவப்பு வெள்ளை மார்தெனிட்சாக் கயிறு போனில் வராது, அதனால்தான் பிப்ரவரி பாதியிலேயே உறையை ஒட்டுகிறேன். அப்பாவுக்கு முழங்கால் வலி அப்படியே இருக்கிறது, ஆனாலும் முட்டைக்கோஸ் ஊறப்போட்ட பீப்பாயைக் கிளறுகிறேன் என்று நிலவறைப் படியில் ஏறி இறங்கிக்கொண்டுதான் இருக்கிறார், சொன்னால் கேட்கிற ஆளா. மேல்மாடிக்குப் புதிதாகக் குடிவந்தவர்களிடம் நான் குழந்தைகள் ஆஸ்பத்திரியில் மசாஜ் செய்கிறவள் என்று சொல்லியிருக்கிறார். இத்தனை வருஷம் குடும்பம் நடத்தியும் ஆக்குபேஷனல் தெரபி என்றால் என்னவென்று அவர் மண்டையில் ஏறவில்லை. நோயில் கை முடங்கிய பிள்ளைகளுக்குப் பொத்தான் போடவும் கரண்டி பிடிக்கவும் செருப்பு மாட்டவும் திரும்பக் கற்றுக்கொடுக்கிறேன் என்று நானே மாடிக்குப் போய்ச் சொல்லிவிட்டு வந்தேன்.

புத்தாண்டன்று நீ கேட்டாயே, வேலையை விட்டுவிட்டு இங்கேயே வந்துவிடு அம்மா, காலினோடு இரு என்று, பார்க்கலாம் என்றேன் அல்லவா. உண்மையில் அப்போதே என் மனம் பாதிப் பெட்டியைக் கட்டிவிட்டது. அதற்குக் காரணம் எலிட்சா என்கிற ஆறு வயது வாயாடி. டோப்ரிச் பக்கத்துப் பிள்ளை, அவள் அம்மாவுக்கு ரொட்டித் தொழிற்சாலையில் வேலை. போன வருஷம் மூளைக் காய்ச்சல் வந்து இடது பக்கம் முழுக்கச் சோர்ந்துபோய் வந்தாள். கால் தேறியது, பேச்சு தேவைக்கு மேலேயே தேறியது, இடது கை மட்டும் எழவில்லை. கையில் வலு இல்லாமல் இல்லை, தூங்கும்போது அதே கையால் பொம்மையை இறுக்கிப் பிடித்திருப்பதை நானே பார்த்திருக்கிறேன். விழித்தால் போதும், அது மடியில் செத்த மீன் மாதிரிக் கிடக்கும். ஏனென்றால் அந்தக் கையின் வேலையையெல்லாம் பல் பார்த்துக்கொண்டிருந்தது. ஜிப்பை இழுக்கப் பல், காலுறையை ஏற்றப் பல், பிஸ்கட் பாக்கெட் பிரிக்கப் பல். வலது கைக்கு உறை மாட்டிவிட்டால் இடது கை வேறு வழியில்லாமல் வரும் என்று உறை மாட்டினேன். அதைப் பல்லால் உருவி என் தேநீர்க் கோப்பைக்குத் தொப்பியாகப் போட்டுவிட்டு, கோப்பைக்குத்தான் குளிருது அத்தை என்றாள்.

அவளைக்கூடச் சமாளித்துவிடலாம், நல்ல மனசுக்காரர்களைச் சமாளிக்க முடியாது. எங்கள் ஆஸ்பத்திரிச் சமையலறை பென்கா அக்காவை உனக்கு ஞாபகம் இருக்கும், உன் பள்ளி இறுதி விருந்துக்குக் கேக் செய்து கொடுத்தவள். நான் திரும்பிப் பார்ப்பதற்குள் எலிட்சாவின் தயிர் டப்பாவைத் திறந்து ஊட்டியும் விடுவாள். ஒருநாள் டப்பாவைப் பிடுங்கி மூடி, பிள்ளையே திறக்கட்டும் என்றேன். "புள்ள பசியில உக்காந்திருக்கு, உனக்கு நெஞ்சுல ஈரமே கிடையாதா நெவேனா" என்று எல்லார் முன்னாலும் கேட்டாள். அதற்குப் பிறகு எனக்குச் சூப் ஊற்றும்போதெல்லாம் அடியில் இருக்கும் காயை விட்டுவிட்டு மேல் தண்ணீரை மட்டும் ஊற்றினாள்.

இந்த நிலையில்தான் ஜனவரியில் பெரிய டாக்டர் டோன்செவ் என்னை அழைத்தார். பிப்ரவரி முடிவதற்குள் அந்தக் கை தானாக ஏதாவது ஒரு வேலை செய்தால் பிள்ளையை வைத்துக்கொள்வோம், இல்லையென்றால் வீட்டுக்கு அனுப்பிவிடலாம், படுக்கைக்குக் காத்திருக்கிற பிள்ளைகள் இருக்கிறார்கள் என்றார். கெட்ட மனுஷர் இல்லை, அவர் சொன்னதும் நியாயம்தான், அதனால்தான் எனக்கு இன்னும் வலித்தது. வீட்டுக்குப் போனால் பாவம் அவள் அம்மா பாசத்தில் எல்லாவற்றையும் தானே செய்துவிடுவாள், அந்தக் கை அதோடு முடிந்தது. இவள் இப்படியே போனால் நானும் வெள்ளைக் கோட்டைக் கழற்றிவிட்டு உன்னிடம் வந்துவிடுவது என்று நினைத்துக்கொண்டேன்.

அப்புறம் நடந்ததைக் கேள். எலிட்சா ஆப்பிளைக் கடித்தாள், முன்பல் ஒன்று ஆப்பிளோடு போய்விட்டது. மறுநாள் பக்கத்துப் பல்லும் விழுந்தது. காக்கா, எலும்புப் பல்லை எடுத்துக்கோ, இரும்புப் பல்லைக் குடு என்று சொல்லச் சொல்லி ஆஸ்பத்திரிக் கூரையில் எறியவைத்தேன். கடலோர ஊர் இல்லையா, காக்காவை முந்திக்கொண்டு ஒரு கடல் புறா வந்து கொத்திப் பார்த்தது. அது மீன் பல்லைக் கொண்டுவந்துவிடுமோ என்று அவளுக்கு ஒரே அழுகை. நான் சமாதானம் சொன்னேனே தவிர உள்ளுக்குள் துள்ளிக்கொண்டிருந்தேன். இனிமேல் எதால் கடித்துப் பிடிப்பாய் கண்ணே என்று மனசுக்குள் கேட்டுக்கொண்டேன்.

அந்த வாரம்தான் வார்டில் எல்லாரும் மார்தெனிட்சா முறுக்க உட்கார்ந்தோம். சிவப்பும் வெள்ளையுமான கம்பளி நூலை ஒரு கை முனையைப் பிடித்துக்கொள்ள மறு கை முறுக்க வேண்டும். வழக்கம்போல் அவள் ஒரு முனையை வாயில் வைத்தாள், ஓட்டை வழியாக நழுவியது. மறுபடி வைத்தாள், மறுபடி நழுவியது. பென்கா அக்கா தட்டைக் கீழே வைத்துவிட்டுப் பிடித்துக்கொள்ள ஓடிவந்தாள், உனக்கே தெரியும், நம் ஜனங்களுக்கு யாராவது நூல் முறுக்குவதைப் பார்த்தால் கை சும்மா இருக்காது. நான் முறைத்த முறைப்பில் அவள் அப்படியே நின்றுவிட்டாள். எலிட்சா என்னைத் திட்டினாள், பென்கா அக்காவைப் பரிதாபமாகப் பார்த்தாள், நூலை எறிந்தாள், பிறகு அவளே பொறுக்கினாள். அப்போது மடியில் கிடந்த கை எழுந்தது ஸ்விலேன். யாரும் சொல்லாமல், யாரும் தொடாமல் எழுந்து வந்து நூலின் முனையைப் பிடித்தது. பிடி நழுவியது, திரும்ப வந்து பிடித்தது. பாராட்டினால் காரியம் கெட்டுவிடும் என்று நான் கத்தரிக்கோலைத் தேடுகிற மாதிரி மேஜைக்கு அடியில் குனிந்துகொண்டேன், அங்கேயே கொஞ்சம் அழுதும் கொண்டேன்.

தானாகச் செய்ய வேண்டும் என்றாரே, அவரே பார்க்கட்டும் என்று டாக்டருக்குச் சொல்லி அனுப்பினேன். வந்தார். எலிட்சா அடுத்த கயிற்றைத் தொடங்கியிருந்தாள், ஒரு முனை தொங்கிக்கொண்டிருந்தது. அவரும் இந்த ஊர் மனுஷர்தானே, பரீட்சை பார்க்க வந்ததையே மறந்து சட்டென்று குனிந்து தொங்கிய முனையைப் பிடித்துவிட்டார். பரீட்சை கெட்டது என்று நினைத்தேன். எலிட்சா நூலை அவர் விரலிலிருந்து வெடுக்கென்று இழுத்தாள், இடது கையால். "விடுங்க டாக்டர், எனக்குத்தான் ரெண்டு கை இருக்கே" என்றாள், பல் இல்லாத வாயிலிருந்து எச்சில் அவர் கண்ணாடியில் தெறித்தது. அவர் கண்ணாடியைத் துடைக்கக்கூட இல்லை. குழந்தைகள் நாற்காலியில் முழங்காலை மடக்கி உட்கார்ந்து, அவள் முடிக்கும்வரை பார்த்துக்கொண்டிருந்தார். முடிந்ததும் மணிக்கட்டை நீட்டினார். மார்ச் ஒண்ணுக்கு முன்னாடி கட்டக்கூடாது, இதுகூடத் தெரியாதா என்று அவருக்கு ஒரு திட்டு. கயிற்றைக் கோட்டுப் பையில் பத்திரமாக வைத்துக்கொண்டு வாசலில் என்னிடம், கோடை வரை இவள் இங்கேதான் என்றார். நானும் பென்கா அக்காவும் சமையலறையில் கைகோத்து ஒரு சுற்று ஆடித் தீர்த்தோம். இப்போது என் சூப்பில் இறைச்சியும் வருகிறது, அந்தப் பிள்ளையைத் தேற்றியதே தான்தான் என்று ஊரெல்லாம் சொல்கிறாள், சொல்லிவிட்டுப் போகட்டும்.

ஆகையால் மகனே, கோட்டைக் கழற்றுவதாக இல்லை. ஆகஸ்டில் லீவு போட்டு அப்பாவையும் இழுத்துக்கொண்டு வருகிறேன், காலினை ஆசை தீரக் கொஞ்சிவிட்டுத் திரும்பிவிடுவேன், வருத்தப்படாதே. ஒன்று சொல்கிறேன், கோபித்துக்கொள்ளாதே. போன ஞாயிற்றுக்கிழமை வீடியோவில் பார்த்தேன், காலின் ஜமீன்தார் மாதிரிக் கையை விரித்து நிற்கிறான், மிலேனா ஜிப் போடுகிறாள், நீ மண்டியிட்டு ஷூவைக் கட்டுகிறாய். அரைமணி நேரம் முன்னதாகக் கிளம்புங்கள், அவனே கட்டட்டும். நான் சொன்னதாக மிலேனாவிடம் சொல்லாதே, உனக்கே தோன்றியதாகச் சொல்.

இந்தக் கயிறு மாதிரி வெளுப்பும் சிவப்புமாக, நோய்நொடி இல்லாமல், அடுத்த வசந்தத்தையும் அதற்கடுத்ததையும் நீங்கள் மூவரும் சிரித்த முகத்தோடு பார்க்க வேண்டும். முதல் நாரையைக் கண்டதும் கயிற்றைக் கழற்றுவதுதான் நம் வழக்கம், அங்கே நாரை வராது என்று தெரியும், அதனால் முதலில் பூக்கிற மரத்தில் மார்தெனிட்சாவைக் கட்டிவிடு. உறையில் இருப்பது எலிட்சா முறுக்கியது, உனக்காக என்று கேட்டு வாங்கினேன். அங்கங்கே தளர்ந்திருக்கும், சரிசெய்கிறேன் என்று அவிழ்த்துவிடாதே, அந்தத் தளர்வு அவளுடைய இடது கை. மார்ச் ஒன்றாம் தேதி காலினே அதை உன் கையில் கட்டட்டும். எவ்வளவு நேரம் ஆனாலும் ஆகட்டும், நீ மட்டும் முனையைப் பிடித்துக்கொடுக்காதே.

என்றும் உன்
அம்மா நெவேனா