அவங்க எனக்கு என்ன முறை?

அஸ்தினாபுரம்,
12.3.1991

அன்புத் தங்கை செல்வமேரிக்கு,

மாதாவின் தயவால் இங்கே எல்லோரும் சுகம். என் முழங்கால் மட்டும் மண்டியிட மறுத்து வேறு மதத்துக்குப் போய்விட்டது. உன் அத்தான் வழுக்கைக்கு ஏதோ தைலம் தேய்க்கிறார். முடி வரவில்லை, தலையணை உறைதான் பாழ்.

மஸ்கட்டிலிருந்து நீ அனுப்பிய கவுன் கிடைத்தது. அழகான கவுன். பேபியின் தலைதான் அதில் நுழையவில்லை. ஆறே மாதத்தில் வந்து கூட்டிப்போகிறேன் என்று நீ விட்டுப்போனபோது அவளுக்கு இரண்டு வயது. இப்போது ஏழு. கவுனைப் பக்கத்து வீட்டு கங்கம்மாவின் பேத்திக்குக் கொடுத்தேன். அவள் சும்மா வாங்குவாளா? "இன்னாக்கா, உன் தங்கச்சிக்குப் புள்ள வளர்றதே தெரியாதா?" என்று தெருக்கோடிக்குக் கேட்கிற மாதிரி கேட்டாள். நான் இருமினேன். வராத இருமலை வரவழைப்பதில் எனக்கு இப்போது நல்ல தேர்ச்சி.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். மே மாதம் புதுப் புருஷன் யேசுதாசனோடு வருகிறாயாம். உன் முதல் புருஷன் இறந்தது அவருக்குத் தெரியும், பிள்ளை இருப்பது தெரியாது. அதனால் பேபியை என் மகள் என்று சொல்லி, உன்னைச் 'சித்தி' என்று கூப்பிடப் பழக்க வேண்டுமாம். தொடர்கதைகளில் பிள்ளையை விட்டுப்போனவள் கடைசி வாரத்தில் மழையில் நனைந்துகொண்டு ஓடிவந்து கதறுவாள். அதைப் படித்துப் படித்து, மழை வந்தாலே வாசலைப் பார்க்கும் பைத்தியம் நான். நீயோ ஏரோப்ளேனில் வந்து சித்தியாகிறாய். எந்த எழுத்தாளனுக்கும் இது தோன்றியிருக்காது!

திட்டிக்கொண்டேதான் ஆரம்பித்தேன். பல்லாவரம் சந்தைக்குப் போகும்போது, "லீவுக்கு மஸ்கட்லேருந்து என் தங்கச்சி வரா" என்றேன். "அவங்க எனக்கு என்ன முறை?" என்று கேட்டாள். "உனக்குச் சித்தி" என்றேன். விரலை மடக்கிக் கணக்குப் போட்டுவிட்டு, "நீங்க பெரிம்மா, அவங்க சித்தி. அப்ப நடுவுல எங்கம்மா இருக்கணுமே. நீங்க மூணு பேரா, பெரிம்மா?" என்றாள்.

நம் வீட்டில் நாம் இரண்டு பேர்தானே, செல்வி? ஊர் வம்பையெல்லாம் மெல்லும் இந்த வாய் அன்று விலை பேசப் போய்விட்டது. பக்கத்தில் இருந்த கத்தரிக்காய்க்காரனிடம் சண்டை போட்டு, தேவையில்லாமல் இரண்டு கிலோ வாங்கிவந்தேன். மூன்று நாளாய் வீட்டில் அதே குழம்பு. உன் அத்தான் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

நீ விட்டுப்போன புதிதில் இந்தப் பிள்ளை என்னைத்தான் 'அம்மா' என்றது. பிள்ளையில்லாத நான், "பெரிம்மா சொல்லு" என்று ஒவ்வொரு தடவையும் திருத்தினேன். அந்தச் சொல் உன்னுடையது, வந்து வாங்கிக்கொள்வாய் என்று நினைத்தேன். எவ்வளவு பெரிய முட்டாள் பார்!

இப்போது கேள். நீ சித்தியாக வேண்டுமானால் நான் அம்மாவாக வேண்டும், முறை அப்படித்தான். உன் லீவு முடியும்வரை மட்டும் என்னால் அம்மாவாக இருக்க முடியாது. அவள் ஒருதரம் அப்படிக் கூப்பிட்டுவிட்டால், மறுபடி திருத்த எனக்குத் தெம்பில்லை. யேசுதாசனிடம் சொல்லிவிட்டு வா. நல்ல மனுஷன் என்று நீதானே எழுதுகிறாய்? சொல்ல முடியாதென்றால், பேபி எனக்கே என்று எழுதிவிடு. இரண்டில் ஒன்றைச் செய்.

ஆண்டவர் உனக்கு வாய் திறக்கும் தைரியம் கொடுக்கட்டும். பதிலைத் தள்ளிப்போடாதே, கண்ணு. சந்தைக்குப் போய்வந்த நாளிலிருந்து அவள் என்னைப் பெரியம்மா என்றுகூடக் கூப்பிடுவதில்லை. ஏதாவது வேண்டுமென்றால் பக்கத்தில் வந்து நின்று சேலையை இழுக்கிறாள்.

உன் அக்கா,
அருள்மேரி