கடை வாசலை வெட்டக் கேட்டு வந்த தலைவரம்மா

அன்பு மகளுக்கு அப்பா எழுதுவது. இங்கே நானும் உன் அம்மாவும் சுகமாக இருக்கிறோம், நீயும் மாப்பிள்ளையும் குழந்தையும் அங்கே நோய்நொடி இல்லாமல் இருக்க வேண்டும் என்பதுதான் எங்களுக்கு எந்நேரமும் நினைப்பு. என் முழங்கால் பழையபடிதான், ஏணியைக் கண்டாலே முனகுகிறது, அதனால் சுவரில் எழுதுவதை விட்டுவிட்டுக் கடையில் உட்கார்ந்தபடியே பெயர்ப்பலகை மட்டும் எழுதுகிறேன். உன் சித்தப்பா புதுக் கண்ணாடி வாங்கியிருக்கிறார், அதைப் போட்டுக்கொண்டும் பேப்பரைக் கை நீளத்துக்குத் தள்ளிப் பிடித்துத்தான் படிக்கிறார். அம்மாவைப் பற்றி ஊரில் என்ன பேசிக்கொள்கிறார்கள் என்று போனில் கேட்டாய், அவள் பக்கத்திலேயே நின்றதால் ஒன்றுமில்லை என்று மழுப்பிவிட்டேன். நிறையவே இருக்கிறது, அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

நாட்டின் புது வளர்ச்சித் திட்டத்தில் ஒவ்வொரு ஊரும் தனக்கு முதலில் எது வேண்டும் என்று ஒரே ஒரு வேலையைச் சொல்ல வேண்டும், மழைக்காலத்துக்குள் தொடங்காவிட்டால் அந்தப் பணம் வேறு ஊருக்குப் போய்விடும். நம் கடைத்தெருக்காரர்கள் ரோடுதான் என்று முடிவே கட்டிவிட்டோம், நகர்மன்றத் தலைவரான உன் அம்மாவே நம் தெரு, பிறகென்ன கவலை என்ற தைரியம். வியாபாரிகள் சங்கத்தார் நகர்மன்றக் கூட்டம் நடப்பதற்கு முன்பே புதிய கடைத்தெருச் சாலை என்று பலகை எழுதச் சொல்ல, நானும் உன் அம்மா பெயரைக் கீழே மஞ்சளில் கொட்டை எழுத்தில் எழுதிக் காயவைத்துவிட்டேன். அது இப்போது உன் கட்டிலுக்குப் பின்னால் சுவரைப் பார்த்துக்கொண்டு நிற்கிறது. கூட்டத்தில் தண்டவாளத்துக்கு அந்தப் பக்கத்துக் குவாரித் தொழிலாளர்களின் உறுப்பினர்கள் குடிதண்ணீர்க் குழாய் கேட்டார்கள், ஓட்டு சரிபாதியாக நின்றது, தலைவர் ஓட்டு மட்டும் பாக்கி. நர்ஸாக இருந்த காலமெல்லாம் கோடை வந்தால் அந்தப் பக்கத்துக் குழந்தைகளுக்கு வயிற்றுப்போக்குக்கு மருத்துவம் பார்த்தவள் அல்லவா, உன் அம்மா எழுந்து நின்றாள். "ரோடு மோசமா இருந்தா மெதுவா போயிக்கலாம். தண்ணி மோசமா இருந்தா மெதுவா குடிச்சா சரியாயிடுமா?" என்று கேட்டுவிட்டுக் குழாய்க்குக் கை தூக்கிவிட்டாள். பார்வையாளர் பெஞ்சில் இருந்த எனக்கு முகத்தில் ஈயாடவில்லை.

அன்றிலிருந்து தெருவே அவளைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொண்டது. பொண்டாட்டியை அடக்கத் தெரியாதவன் என்று மளிகைக்காரர் என் காதுபடவே சொன்னார். தண்ணீர்த் தொட்டி இருப்பது நம் பக்கம், குழாய் கடைத்தெரு வழியாகத்தான் போயாக வேண்டும், ஒவ்வொரு கடை வாசலையும் வெட்ட வேண்டும், ஒருவரும் சம்மதிக்கக் கூடாது என்று சங்கத்தில் பேசிவைத்தார்கள், நானும் தலையாட்டிவிட்டு வந்தேன். வீட்டில் எங்களுக்குள் பேச்சு நின்றது, குழம்பில் உப்பு குறைந்தாலும் வாயைத் திறக்காமல் சாப்பிட்டேன். அவள்தான் ஒருநாள் தட்டை வைத்துக்கொண்டே, முதலில் ரோட்டைப் போட்டுவிட்டு மறுமாதம் குழாய்க்காக அதையே வெட்டிப்போடுவதுதான் நாம் பார்த்த முன்னேற்றம், ஒருமுறையாவது வரிசையாகச் செய்து பார்ப்போமே என்றாள். நியாயம்தான், ஆனால் ரோஷம் விடவில்லை.

போன வாரம் பொறியாளரையும் குவாரிப் பக்கத்து உறுப்பினர் ஒருவரையும் கூட்டிக்கொண்டு தெருமுனையிலிருந்து கடை கடையாக ஏறி வந்தாள். எல்லாரும் முடியாது என்றார்கள், மளிகைக்காரர் உட்காரக்கூடச் சொல்லவில்லை. அவள் குரலை உயர்த்தவில்லை, அதிகாரம் காட்டவில்லை, நன்றி சொல்லிவிட்டு அடுத்த கடைக்குப் போனாள். என்னிடம் வீட்டிலேயே ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம், கேட்கவில்லை. மற்றவர்களிடம் நின்றதுபோலவே என் கடை வாசலிலும் வெயிலில் நின்று, தெருவே பார்த்துக்கொண்டிருக்க, "ஐயா, குழாய்க்காக உங்க வாசலை வெட்டணும். கொஞ்ச நாளைக்கு வியாபாரம் கஷ்டப்படும். உங்க சம்மதம் வேணும்" என்றாள். எத்தனை கட்சிக்கு எத்தனை சுவரில் ஒற்றுமை என்று எழுதியிருப்பேன், எழுதச் சொன்ன தலைவர்களில் ஒருவர்கூட எந்த வாசலிலும் வந்து இப்படிக் கேட்டு நான் பார்த்ததில்லை. இவள் இங்கேயும் முடியாது என்ற பதிலைக் கேட்டுவிட்டால் குழாயும் போகும், அந்தக் குழந்தைகள் இன்னொரு கோடையும் அதே தண்ணீரைத்தான் குடிக்கும் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. பிரஷைக் கீழே வைத்துவிட்டு எழுந்து நின்றேன். "வெட்டிக்குங்க, தலைவரம்மா" என்றேன். நான் அவளை அப்படிக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. அவள் சிரிக்கவில்லை, நன்றிங்க என்று மற்றவர்களுக்குச் சொன்னது மாதிரியே சொல்லிவிட்டு அடுத்த கடைக்குப் போய்விட்டாள்.

அடுத்த கடை தையல்காரர் என்னைப் பார்த்தார், சரி என்றார். பிறகு ஒவ்வொருவராக மசிந்தார்கள், மளிகைக்காரர் கடைசியில் வந்து, எல்லாரும் விட்டாச்சு, நான் மட்டும் கெட்ட பேர் எடுக்கணுமா என்றார். இப்போது குவாரி ஆட்களே கடப்பாரையோடு வந்து வெட்டுகிறார்கள், நம் வாசலில் வெட்டிய பள்ளத்தின் மேல் பலகை போட்டு, வருகிற வயசானவர்களைக் கைபிடித்துத் தாண்டிவிடுகிறார்கள். நேற்று தையல்காரர் அவர்களுக்கு டீ வாங்கிக் கொடுத்ததை என் கண்ணால் பார்த்தேன்.

நீயும் மாப்பிள்ளையும் நல்லபடியாக, நிறைவாக வாழ வேண்டும், பேத்திக்கு எங்கள் ஆசியும் முத்தமும். அவளுக்குச் சளி பிடித்தால் நீயாக மருந்து வாங்காமல் டாக்டரிடம் காட்டு. மறக்காமல் ஒன்று செய், அடுத்த தடவை போன் பண்ணும்போது அம்மாவிடம், அப்பாவுக்கு உன்னை நினைத்தால் நெஞ்சு நிமிர்கிறதாம் என்று சொல்லிவிடு. நானே சொன்னால், இப்ப என்ன காரியம் ஆகணும் உங்களுக்கு என்று கேட்பாள்.

இப்படிக்கு,
தலைவரம்மாவின் வீட்டுக்காரர்,
உன் அப்பா