கையெழுத்துப் போடும் முன் நைனாவுக்கு

ஏரியில் எறா பிடித்த வாசனைக் கையாலேயே எனக்குச் சோறு ஊட்டிய நைனாவுக்கு,

ஒரு வாரமாக எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. ரயில்வே கேட்டை மூடுகிறேன், ரயிலை அனுப்புகிறேன், திறக்கிறேன், மறுபடி வந்து உட்கார்ந்தால் உட்கார முடியவில்லை. வருகிற திங்கட்கிழமை வேலைநிறுத்தம் என்று எங்கள் சங்கம் அறிவித்திருக்கிறது. கேட் கீப்பருக்குப் பன்னிரண்டு மணி நேர டியூட்டி கூடாது, எட்டு மணி நேரம்தான் என்பது முதல் கோரிக்கை. எல்லாரும் கையெழுத்துப் போட்டாயிற்று. நான் மட்டும் பாக்கி.

கோரிக்கை நியாயம்தான். மீஞ்சூர் பக்கத்துக் கேட்டிலிருந்து ஆரம்பாக்கம் வந்து, அங்கிருந்து குப்பத்துக்கு வந்து சேர்வதற்குள் அம்மா தூங்கிப்போகிறாள். அவளுக்கு முட்டி போய்விட்டது நைனா, தண்ணீர் எடுக்கவே பக்கத்து வீட்டைக் கூப்பிடுகிறாள். அதற்காகத்தான் ஆரம்பாக்கம் பக்கத்துக் கேட்டுக்கு மாற்றல் கேட்டு மனுப் போட்டிருக்கிறேன். நேரம் பார்த்துத்தானா இந்த ஸ்டிரைக் வர வேண்டும்? கையெழுத்துப் போட்டால் மாற்றல் போய்விடுமோ என்று பயம். போடாவிட்டால்? அந்தப் பயம் வேறு.

நேற்று செல்வம் அண்ணன் தாளோடு வந்தார். நம் குப்பத்துச் செல்வம் அண்ணன்தான். இப்போது எங்கள் தடத்தில் கீமேன், தினமும் சுத்தியலோடு தண்டவாளம் பார்த்து நடக்கிறவர்.

"இன்னாம்மா, இன்னும் யோசிக்கிறியா?"

"ரெண்டு நாள் குடுங்கண்ணா."

தாளை மடித்துப் பையில் வைத்தார். "உங்க நைனா மாதிரி பண்ணிடாத கஸ்தூரி. அவ்ளோதான் சொல்லுவேன்" என்றுவிட்டு நடந்தார்.

எனக்குச் சுருக்கென்றது. ஆனால் சொல்ல உரிமை உள்ளவர்தான் அவர். அன்றைக்குச் செத்தது அவருடைய அம்மா அல்லவா?

குப்பத்தில் ஒரு சாவு விழுந்தால், எடுக்கும்வரை ஒரு படகும் ஏரியில் இறங்காது. அன்றைக்கு நீ மட்டும் இறங்கினாய். ஏரியில் வலை கட்ட முறை வைத்து நமக்கு வருகிற பாடு அன்றைக்குத்தான், விட்டால் மறுபடி முறை வர எத்தனை நாள் ஆகுமோ. மறுநாள் எனக்குச் சென்னையில் ரயில்வே பரீட்சை. போய்வரக் கையில் ஒன்றும் இல்லை. ஊர்க்கூட்டத்தில் உன்னை நிறுத்தி, "யாரு சொல்லிப் போன?" என்று கேட்டார்கள்.

"யாரும் சொல்லல. எனக்குத்தான் புத்தி கெட்டுப்போச்சு" என்றாய்.

ஆறு மாதம் உனக்குப் பாடு கிடையாது என்றார்கள். ஆறு மாதமும் கரையில் உட்கார்ந்து அடுத்தவர் வலையைப் பார்த்துக்கொண்டிருந்தாய். கெட்ட பேர் ஆறு மாதத்தோடு போகவில்லை, நீ போன பிறகும் நிற்கிறது.

சொன்னது நான்தானே நைனா? "எல்லாரும் சாவு வூட்டாண்டதான் இருக்காங்க, யாரு பாக்கப் போறா, போய்ட்டு வா" என்று படகு தள்ளும் கழியை எடுத்து உன் கையில் கொடுத்தது நான்தானே? முடியாது என்று இரண்டு தரம் சொன்னாய். நான் அழுதேன். கூட்டத்தில் பொம்பளைகளோடு பின்னால்தான் நின்றிருந்தேன், வாயைத் திறக்கவில்லை. நீ ஏன் என் பக்கம் பார்க்கவே இல்லை? ஒரு தரம் பார்த்திருந்தால் சொல்லியிருப்பேன். இல்லை, பொய். சொல்லியிருக்க மாட்டேன்.

அந்தப் பரீட்சையில் கிடைத்ததுதான் இந்த வேலை.

இன்று எனக்கு ஓய்வு நாள். மாற்றல் கிடைக்காமல் போகலாம் என்று அம்மாவிடம் சொன்னேன். "தண்ணிக்கு இன்னா, யாராவது கொண்டாந்து குடுப்பாங்க. ஊரே ஒண்ணா நிக்கும்போது தனியாப் போனா இன்னா ஆவும்னு நமக்குத் தெரியாதா?" என்றாள். உன்னை அனுப்பியது யார் என்று அவளுக்கும் தெரியாது.

நாளைக்குச் செல்வம் அண்ணன் வருவார். கையெழுத்துப் போடுவேன், திங்கட்கிழமை கேட்டுக்குப் போக மாட்டேன். அது சுலபம். தாளைத் திருப்பிக் கொடுக்கும்போது, "அண்ணா, உங்க அம்மா செத்த அன்னிக்கு எங்க நைனாவ ஏரிக்கு அனுப்புனது நான்தான்" என்று சொல்லப்போகிறேன். அவர் என் முகத்தில் காறித் துப்பலாம், ஊரைக் கூட்டலாம். கூட்டினால் இந்தத் தரம் முன்னால் வந்து நிற்பேன். சத்தியம் நைனா.

நீ காட்டிக்கொடுக்காத உன் மகள்,
கஸ்தூரி