பதினான்கு பெஞ்சுகளையும் திரும்பப் போடக் கோரி

அனுப்புநர்:
ஓய்வுபெற்ற டைம் கீப்பர், நகரப் பேருந்துப் பணிமனை,
பூங்காவின் கிழக்கு வாசலுக்கு எதிர் வீடு,
இரண்டாம் குறுக்குத் தெரு.
(தெருவில் 'மனு சார்' என்று கேட்டால் வீட்டைக் காட்டுவார்கள்.)

பெறுநர்:
உயர்திரு ஆணையர் அவர்கள்,
நகராட்சி அலுவலகம்.

பொருள்: பூங்கா மேம்பாடு – புதிய வரைபடத்தில் ஒரு பெஞ்சுகூட இல்லாதது – அதற்குக் காரணமான என் மனுவை நானே எதிர்ப்பது – தொடர்பாக.

பார்வை: 1. சென்ற ஆண்டு ஜூன் மாதம் நான் அளித்த மனு, எண் 214.
2. தங்கள் அலுவலக அறிவிப்புப் பலகையில் ஒட்டப்பட்டுள்ள பூங்கா வரைபடம் (கருத்துச் சொல்லக் கடைசி நாள் பிப்ரவரி 20).

மதிப்புக்குரிய ஐயா,

1. கடந்த பத்தொன்பது ஆண்டுகளில் தங்கள் அலுவலகத்துக்கு நான் நாற்பத்தொரு மனுக்கள் அளித்திருக்கிறேன். தெருவிளக்கு, உடைந்த சாக்கடை மூடி, குடிநீர்க் குழாய், நாய்த் தொல்லை என்று எதையும் விட்டுவைக்கவில்லை. அவற்றில் நாற்பதுக்கு 'பரிசீலனையில் உள்ளது' என்று பதில் வந்தது, அல்லது பதிலே வரவில்லை. ஒன்றே ஒன்றின் மீது மட்டும் பதினோரு நாளில் நடவடிக்கை எடுத்தீர்கள். அந்த ஒன்றைப் பற்றித்தான் இப்போது புகார் சொல்ல வந்திருக்கிறேன்.

2. அந்த மனுவின் விவரம் வருமாறு. எங்கள் பகுதியில் ஆறு ஆண்டுகளுக்குள் ஒன்பது அடுக்குமாடிகள் எழும்பிவிட்டன. காலி இடம் என்று மிஞ்சியிருப்பது இந்தப் பூங்கா ஒன்றுதான். சாப்பாடு கொண்டு கொடுக்கும் தொழிலாளர்கள் வண்டியை வாசலில் நிறுத்திவிட்டு, அடுத்த அழைப்பு வரும் வரை பூங்கா பெஞ்சுகளில் உட்கார்வதும் படுப்பதுமாக இருந்தார்கள். குடியிருப்போர் சங்கத்தில் இதைப் பற்றி முணுமுணுப்பு எழுந்தது. 'நீங்க எழுதுனா வேலை நடக்கும் சார்' என்று என்னைத் தூக்கி வைத்தார்கள். நானும் சும்மா இருக்காமல் எழுதினேன். 'சமூக விரோதிகள்' என்று எழுதினேன். 'பெஞ்சு இருந்தால்தானே உட்காருவார்கள். பெஞ்சுகளை அகற்றினால் பிரச்சினை அடியோடு தீரும்' என்றும் எழுதினேன். அந்த வாக்கியத்தைப் பற்றி எனக்கு அப்போது பெருமைகூட இருந்தது. முப்பத்தேழு பேர் கையெழுத்துப் போட்டார்கள். முதல் கையெழுத்து என்னுடையது.

3. பதினோராம் நாள் காலை ஒன்பது ஐந்துக்குத் தங்கள் லாரி வந்தது. பத்து நாற்பதுக்குள் பதினான்கு பெஞ்சுகளையும் அறுத்து ஏற்றிவிட்டார்கள். நான் பக்கத்தில் நின்று எண்ணிச் சரிபார்த்தேன். வேலையாட்களுக்கு டீ வாங்கிக் கொடுத்தேன். என் மனைவி அப்போது எங்கள் மகளின் பிரசவத்துக்காக வெளியூரில் இருந்தார். அவர் அச்சகத்தில் முப்பது ஆண்டுகள் மெய்ப்புத் திருத்தும் வேலை பார்த்தவர். என் கை நடுங்கும். எழுத்து கோணலாக விழும். ஆகவே என் மனுக்கள் எல்லாவற்றையும் பிழை திருத்தி, நல்ல தாளில் நகல் எடுத்துக் கொடுப்பது அவர்தான். அந்த ஒரு மனுவை மட்டும் கடையில் கொடுத்து அச்சடித்தேன். அதனால் அவருக்கு அது தெரியாது.

(நகல் எடுப்பவர் குறிப்பு: மேலே சொல்லப்படும் மனைவி நான்தான். இந்த மனுவையும் எனக்குத் தெரியாமல்தான் எழுதிச் செய்தித்தாள் கட்டுக்கு அடியில் செருகி வைத்திருந்தார். பழைய பேப்பர் போட எடுத்தபோது கிடைத்தது. நான் வேலை பார்த்தது முப்பத்திரண்டு ஆண்டுகள், முப்பது அல்ல. பிழைகள் பதினேழு, திருத்தியிருக்கிறேன்.)

4. என் மனைவி ஊரிலிருந்து திரும்பி வந்து, 'எங்க ஆபீஸ் எங்க?' என்று கேட்டார். கிழக்கு வாசலிலிருந்து மூன்றாவது பெஞ்சை, தூங்குமூஞ்சி மரத்தடியில் இருந்ததை, அவரும் அவருடைய தோழிகள் ஐந்து பேரும் 'ஆபீஸ்' என்றுதான் சொல்வார்கள். மாலை நான்கே முக்காலுக்குப் போனால் ஆறு இருபதுக்குத்தான் வருவார். வீட்டில் என்ன சண்டை என்றாலும் ஆபீஸுக்குப் போய்விட்டு வந்தால் முகம் தெளிந்திருக்கும். பெஞ்சு எங்கே என்று அவர் கேட்டபோது, நகராட்சிக்காரர்கள் எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள் என்றேன். அதில் பொய் ஒன்றும் இல்லை, ஐயா. ஆனால் பாதியைத்தான் சொன்னேன். தோழிகள் சில நாள் நின்றுகொண்டே பேசிப் பார்த்தார்கள். அவரவர் முழங்கால் வலிக்க, ஒவ்வொருவராக வராமல் போனார்கள்.

5. அதன்பின் அவர் என்னை ஒரு மனு எழுதச் சொன்னார். பார்க்கலாம் என்றேன். மறுபடி கேட்டார். பேனாவில் மை இல்லை என்றேன். 'அரை நாள் தண்ணி வரலைன்னா மூணு மனு எழுதுற மனுசன். இதுக்கு மட்டும் ஏன் பேனா எழும்ப மாட்டேங்குது?' என்று கேட்டார். 

(நகல் எடுப்பவர் குறிப்பு: அன்றைக்கே எனக்குச் சந்தேகம்தான். இவருக்குப் பொய் சொல்ல வராது, காது சிவந்துவிடும்.)

6. சென்ற செப்டம்பரில் என் மனைவிக்கு மூச்சுவாங்கல் தொடங்கியது. இதயம் இரத்தத்தை இறைக்கும் வலு பாதிக்கும் கீழே போய்விட்டது என்றார் மருத்துவர். 'தினமும் நடக்கணும். ஆனா மூச்சு வாங்கினா உடனே உட்காரணும். நின்னுட்டு இருக்கக் கூடாது' என்பது அவர் உத்தரவு. என் மனைவி ஒரே மூச்சில் நாற்பது காலடி நடப்பார். அதற்கு மேல் முடியாது. எங்கள் வாசற்படியிலிருந்து பூங்கா வாசல் இருபத்தாறு காலடி. அங்கிருந்து முதல் பெஞ்சு இருந்த இடம் பன்னிரண்டு. அதற்கடுத்த பெஞ்சுகள் எல்லாம் முப்பத்தைந்து காலடிக்கு ஒன்று. அளந்துவிட்டுத்தான் எழுதுகிறேன், ஐயா. அந்தப் பெஞ்சுகளை என்றைக்கோ போட்டவர் யாரென்று தெரியவில்லை. என் மனைவிக்காகவே அளந்து போட்டதுபோல் போட்டிருக்கிறார். அவற்றை நான் எடுக்க வைத்துவிட்டேன்.

7. நவம்பர் மாதம் ஒரு நாள், என்ன ஆனாலும் ஆபீஸ் வரை போய்விடுவது என்று கிளம்பினார். நானும் கூடப் போனேன். நின்று நின்று தூங்குமூஞ்சி மரத்தடி வரை போய்விட்டோம், பெஞ்சு இல்லை. அறுத்த பெஞ்சின் நான்கு இரும்புப் போல்ட்டுகள் மட்டும் சிமென்டில் துருத்திக்கொண்டிருந்தன. அவருக்கு மூச்சு இழுத்தது. மரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றார், பிறகு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். தூக்க என்னால் முடியவில்லை. வாசலில் வண்டியோடு நின்ற ஒருவர் ஓடி வந்தார். நாற்பது வயது இருக்கும். வண்டியில் கட்டியிருந்த பச்சை நிறச் சாப்பாட்டுப் பெட்டியை அவிழ்த்துக்கொண்டு வந்து போட்டு, என் மனைவியைத் தூக்கி அதன்மேல் உட்கார வைத்தார். இருபத்திரண்டு நிமிடம் கூடவே நின்றார். அதற்குள் அவர் கைபேசி நான்கு முறை அடித்தது, எடுக்கவில்லை. 'இங்க முன்னாடி பெஞ்சு இருந்துச்சும்மா. எவனோ ஒரு பெரிய மனுசன் மனு குடுத்து எடுக்க வச்சுட்டான்' என்றார். 'அவன் கால் நல்லா இருக்கட்டும். அப்பத்தான் அவனும் ஒரு நாள் இங்க நடந்து வந்து பார்ப்பான்' என்றார் என் மனைவி. நான் இரண்டு பேருக்கும் நடுவில் நின்றுகொண்டிருந்தேன். என் மனுவில் சமூக விரோதி என்று எழுதியது இவரைத்தான். 

(நகல் எடுப்பவர் குறிப்பு: நான் சொன்னது இவ்வளவு நாகரிகமாக இல்லை. இவர் மாற்றி எழுதியிருக்கிறார். இருக்கட்டும், விட்டுவிட்டேன்.)

8. ஜனவரியில் தங்கள் புதிய வரைபடத்தைப் பார்த்தேன். இசை நீரூற்று, வண்ண விளக்கு வளைவு, படம் எடுத்துக்கொள்ள ஒரு மேடை, ஓடுபாதை எல்லாம் இருக்கின்றன. நகரம் வளர்கிறது, பூங்காவும் அழகாகட்டும். எனக்கு அதில் மறுப்பு இல்லை. ஆனால் உட்கார ஓர் இடமும் இல்லை. ஓரத்தில் காரணம் போட்டிருக்கிறது: 'இருக்கைகள் தவிர்க்கப்பட்டுள்ளன – பொதுமக்கள் கோரிக்கை, மனு எண் 214'. என் மனுவைத் திரும்பப் பெறுகிறேன் என்று தங்கள் அலுவலக எழுத்தரிடம் போய் நின்றேன். 'நடவடிக்கை எடுக்காத மனுவைத்தான் சார் வாபஸ் வாங்கலாம். இது முடிஞ்ச மனு. முடிஞ்சதை எப்படி வாங்குவீங்க?' என்றார். அவர் மேல் குற்றம் இல்லை. விதி அப்படி இருக்கிறது போலும். ஆகவேதான் அதை எதிர்த்துப் புது மனு. நான் கேட்பது: இரண்டு பெஞ்சுகளுக்கு நடுவே நாற்பது காலடிக்கு மேல் இடைவெளி இருக்கக் கூடாது. ஒவ்வொரு பெஞ்சுக்கும் சாய்மானம் வேண்டும். உட்கார்ந்தவர் கையை ஊன்றி எழுந்திருக்க இரண்டு பக்கமும் கைப்பிடி

9. ஐயா, இந்த இடத்தில் கையெழுத்து மாறியிருப்பதைத் தாங்கள் கவனித்திருப்பீர்கள். இனி எழுதுவது நான். எழுத்து கோணலாக இருக்கும், பொறுத்துக்கொள்ள வேண்டும். என் மனைவி ஜன்னலோரம் பூங்காவைப் பார்த்து உட்கார்ந்து, ஒரு நாளைக்கு ஒரு பக்கம் என்று நகல் எடுத்தார். சென்ற சனிக்கிழமை காலை பத்து ஐம்பதுக்குப் பேனாவை மூடினார். 'மிச்சத்தை அப்புறம் எழுதுறேன், கொஞ்சம் சாஞ்சுக்கிறேன்' என்றார். பதினொன்று ஐம்பதுக்குக் காபியோடு போய் எழுப்பினேன். எழுந்திருக்கவில்லை. முப்பத்தைந்து ஆண்டுகள் வண்டி வந்த நேரத்தையும் போன நேரத்தையும் குறித்தவன் நான். அவர் போன நேரம் எனக்குத் தெரியாது. நான் அடுக்களையில் இருந்தேன்.

10. என் வரைவில் இருந்த ஒரு பத்தி இந்த நகலில் இல்லை. தங்கள் பதிலை வீட்டு முகவரிக்கு அனுப்பும்போது மனு எண் 214-ஐக் குறிப்பிட வேண்டாம், என் மனைவி படித்துவிடுவார் என்று கேட்டிருந்தேன். அதைச் சிவப்புப் பென்சிலால் அடித்து, பக்கத்தில் 'தேவையில்லை' என்று எழுதியிருக்கிறார். வரைவைக் கண்டெடுத்த அன்றும் மறுநாளும் அவர் என்னோடு பேசவில்லை. மூன்றாம் நாள் காலையில், 'நல்ல தாள் இருக்கா?' என்று கேட்டார். அவ்வளவுதான். என்னை மன்னித்தாரா என்று நான் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும். நகல் முடியட்டும், அப்புறம் கேட்கலாம் என்று இருந்துவிட்டேன்.

11. மேலே ஆறாம் பத்தியில் என் மனைவி நாற்பது காலடி நடப்பார் என்று இருப்பதை மாற்றவில்லை. மாற்றினால் அந்தத் தாளைக் கிழித்துவிட்டு நான் எழுத வேண்டும். எனக்கு மனம் வரவில்லை. ஆனால், நடக்க வேண்டியவரே இல்லை, ஆகவே மனு தேவையற்றது என்று தங்கள் அலுவலகம் கோப்பை மூடிவிடக் கூடாது. ஆபீஸ் தோழிகள் ஐந்து பேர் இருக்கிறார்கள். துக்கம் விசாரிக்க வந்தபோது, பூங்காவைக் கடந்து வர முடியாமல் இருவர் ஆட்டோவில் வந்தார்கள். பச்சைப் பெட்டிக்காரரும் வந்திருந்தார். ஹெல்மெட்டைக் கையில் வைத்துக்கொண்டு வாசலிலேயே நின்றார். அந்தப் பெரிய மனுசன் நான்தான் என்று அவரிடம் சொன்னேன். ஹெல்மெட்டைப் படியில் வைத்தார். பிறகு, 'விடுங்க சார். புது மனுவுக்குக் கையெழுத்து எங்க போடணும்?' என்று கேட்டார். இணைப்பில் முதல் கையெழுத்து அவருடையது. பழைய மனுவில் கையெழுத்திட்ட முப்பத்தேழு பேரில் ஒன்பது பேர்தான் இதில் போட்டிருக்கிறார்கள். மற்றவர்கள் யோசிப்பதாகச் சொல்கிறார்கள்.

12. ஆகவே, ஐயா, கைப்பிடி வைத்த பதினான்கு பெஞ்சுகளையும் பழைய இடங்களிலேயே போட உத்தரவிடுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். போல்ட்டுகள் இன்னும் சிமென்டில்தான் இருக்கின்றன. இடம் தேட வேண்டியதில்லை. இனிமேல் எந்தப் பூங்காவுக்கு வரைபடம் போட்டாலும், மனு எழுதத் தெரிந்தவர்களை மட்டும் கேட்காமல், மாலையில் ஒரு நாள் வந்து அங்கே யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று பார்த்துவிட்டுப் போட வேண்டும். நீரூற்று அதற்குப் பிறகு வரட்டும். முதலில் தூங்குமூஞ்சி மரத்தடிப் பெஞ்சைப் போட்டால் நன்றி உடையவனாவேன்.

13. அந்தப் பெஞ்சில் என் மனைவியின் பெயரைப் பொறிக்கலாம் என்று சங்கத்தார் சொல்கிறார்கள். அது வேண்டாம், ஐயா. பிழையாகப் பொறித்துவிட்டால் பார்த்துச் சொல்ல இப்போது ஆள் இல்லை.

இணைப்பு: 1. ஐம்பத்திரண்டு பேர் கையெழுத்து. 2. காலடி அளவுகளுடன் கூடிய பூங்காப் படம் (நகல் எடுப்பவர் வரைந்தது).

இடம்: கிழக்கு வாசலுக்கு எதிர் வீடு
நாள்: பிப்ரவரி 12

இங்ஙனம்,
மனு எண் 214-இன் மனுதாரர்
(கையொப்பம்)